சடங்கு வீடியோவை அழித்தது யார்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் சடங்கு வீடியோவை அழித்தது நானில்லை. அமுக்கியது என் விரல்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். அமுக்கச் சொன்ன வாய் யாருடையது என்று எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

அப்போது திருவொற்றியூரில், தேரடியிலிருந்து நாலு தெரு தள்ளி, ஒரு முதல் மாடி வீட்டில் குடியிருந்தோம். நான் நாலாம் வகுப்பு, அக்கா எட்டாம் வகுப்பு. அவள் வயதுக்கு வந்ததும், துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் தாய்மாமா ஐம்பத்தோரு தட்டுச் சீரும் பேண்டு வாத்தியமுமாகத் தெருவையே இரண்டாக்கினார். அதோடு விட்டாரா? சடங்கு வீடியோவை ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரியா கேபிளில் போடவும் ஏற்பாடு செய்துவிட்டார். பிறந்தநாள், காதுகுத்து, சடங்கு எல்லாவற்றையும் கேபிள்காரர் தன் சொந்தச் சேனலில் போடுகிற காலம் அது. போட்டால் குடும்பத்துக்குக் கௌரவம்.

"கேபிள்ல வேணா மாமா," என்றாள் அக்கா. "கீழ கேரம் கிளப்புல எங்க கிளாஸ் பசங்கல்லாம் உக்காந்துகினு இருப்பாங்க."

"பாக்கட்டுமே. மாமன் இன்னா செஞ்சிகீறான்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?" என்றார் மாமா. அம்மா சிரித்தாள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன்.

வீடியோ எடுத்த ஸ்டூடியோ அண்ணனிடம் இருந்தது ஆப்பிள் கம்ப்யூட்டர். மாமா பர்மா பஜாரில் வாங்கிக் கொடுத்த ஹார்டு டிஸ்கை அதற்கு ஏற்றபடி மாற்றி, வீடியோவை அதில் ஏற்றித் தந்திருந்தார். கேபிள்காரரிடமும் எங்கள் வீட்டிலும் இருந்ததோ விண்டோஸ். சனிக்கிழமை காலை மாமா டிஸ்கை எங்கள் கம்ப்யூட்டரில் செருகினார். வீடியோ வரவில்லை, ஆங்கிலத்தில் ஏதோ ஒரு கேள்விதான் வந்தது. "யாரும் கை வெக்காதீங்க, நான் போய் ஸ்டூடியோல கேட்டுகினு வரேன்," என்று மாமா வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். நின்றபடியே படித்தாள். "ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. பண்ணாதான் நம்ம கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி மாறும். நீ அமுக்கு," என்றாள். எனக்கு மௌஸைத் தொடக் கிடைப்பதே அபூர்வம். அமுக்கினேன். மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம் போட்டு இன்னொரு கேள்வி வந்தது. அக்கா அதையும் படித்தாள். இரண்டே வரிதான், ஆனால் ரொம்ப நேரம் படித்தாள்.

"ம், அமுக்கு," என்றாள்.

மாமா திரும்பி வந்தபோது டிஸ்க் ஜம்மென்று திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. முதலில் வீடியோவை வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் ஃபார்மட் பண்ண வேண்டுமாம். ஸ்டூடியோவில் வேறு பிரதியும் கிடையாது. கேமரா கேசட்டில் இதன்மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்து முடித்துவிட்டார்கள்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "சொந்த அக்கா விசேஷத்தையே தொடச்சி வச்சிகீறியேடி, பாவி."

"அக்காதான் அமுக்கச் சொன்னா."

"அவ வீடியோவ அவளே அழிப்பாளா? பொய் வேற பேசறியா?" இன்னொன்று விழுந்தது.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் முதுகு தப்பித்திருக்கும். வாயைத் திறந்தாளா அவள்?

அதற்கப்புறம் வந்தவர் போனவரிடமெல்லாம் அம்மா என்னைக் காட்டிக் கதை சொன்னாள். மாமா, "காலியாத்தான கீது, படமாவது ஏத்திக்கிறேன்," என்று டிஸ்கைத் தேட, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிஸ்கை என் புத்தகப் பைக்குள் ஒளித்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் நேராக ஸ்டூடியோவுக்குப் போய் நின்றேன்.

"அண்ணே, அழிஞ்சது திரும்பி வருமா?"

"ஃபார்மட் பண்ண அப்பறம் இதுல வேற எதுனா ஏத்துனீங்களா?" என்று கேட்டார் ஸ்டூடியோ அண்ணன்.

"இல்லண்ணே."

"அப்ப உள்ளதான் கீது. வாசல்ல பேர்ப்பலகையதான் கழட்டிகீது, வூடு அப்பிடியே இருக்கும். வச்சிட்டுப் போ, எடுத்துத் தரேன்."

வீட்டுக்கு ஓடினேன். அம்மாவிடம் சொல்வதற்கு முன் அக்காவிடம் சொன்னேன். என்ன இருந்தாலும் அவளுடைய வீடியோ அல்லவா? அக்கா என் கையைப் பிடித்தாள்.

"எல்லாமே வந்துடுமா?"

"எல்லாமே."

"டிஸ்க் எங்க?"

"ஸ்டூடியோ அண்ணன்கிட்டயே குடுத்துட்டேன்," என்றேன் பெருமையாக. அக்கா சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து, நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ கேபிளில் வந்தது. தெருவில் எந்த வீட்டைத் தாண்டினாலும் அதே பாட்டு. அக்கா தலைக்குமேல் ரோஜா இதழ் கொட்டியது, அவள் முகம் இதய வடிவத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. கீழே கேரம் கிளப்பிலிருந்து விசில் சத்தம். மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அக்கா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பதின்மூன்று வயசுப் பெண்ணின் சொந்த விஷயத்தை ஊரைக் கூட்டிக் காட்டுவதில் இவர்களுக்கு என்ன கௌரவம் என்று இன்று நினைத்தால் வயிறு எரிகிறது. அன்று எனக்கு எரிந்ததெல்லாம், என் உழைப்பை அவள் வந்து பார்க்கவில்லையே என்பதற்குத்தான்.

மறுநாளிலிருந்து அக்காவுக்கு வயிற்றுவலி. எட்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. ஒன்பதாம் நாள் காலை வழக்கம்போல எனக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தாள். எனக்கு அடக்க முடியவில்லை.

"எல்லாத்தையும் திருப்பிக் கொண்டாந்து குடுத்தேனே, ஒரு தேங்க்ஸ் சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவ?"

அக்கா பின்னலை இன்னும் இறுக்கிப் பின்னினாள்.

"உனக்கு சடங்கு வெக்கும்போது கேமராவ வாசப்படி தாண்ட வுட மாட்டேன். அம்மா கத்தினாலும் சரி, மாமா வந்து நின்னாலும் சரி."

எனக்குப் பொறுக்கவில்லை. தான் மட்டும் டிவியில் வந்துவிட்டாளாம், நான் வரக்கூடாதாம். இப்படியும் ஒரு பொறாமையா? பின்னல் பாதியில் இருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடி, அதையும் அம்மாவிடம் சொல்லிக்கொடுத்தேன்.