அசாகுசா சாம்பல்

போன சனிக்கிழமை, நாங்கள் குடியேறியிருக்கும் பிளாட் புஷ் என்ற ஊரில், எங்கள் வீட்டுக்கு மகளின் வேலைத்தலத் தோழிகள் சாப்பிட வந்தார்கள். நானும் அவளும் போய்வந்த ஜப்பான் பயணப் படங்களை டிவியில் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. வந்தவர்களோடு சேர்ந்து அவளும் சப்பாத்தைக் கழற்றாமல் கார்ப்பெட்டில் நடந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜப்பானில் சின்னச் சாப்பாட்டுக்கடை வாசலில்கூடக் கழற்றி, நுனி வெளியே பார்க்க ஒழுங்காக வைத்தவள் இவள்தான். "கல்ச்சர், மம், கல்ச்சர்" என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தாள். நான் சொன்னால் மட்டும் அது கரைச்சல், நச்சரிப்பு.

டோக்கியோவின் அசாகுசா கோயில் படம் வந்ததும் எல்லாரையும் கிட்ட வரச் சொல்லி, என் கதையைத் தொடங்கினாள்.

அந்தக் கோயில் முற்றத்தில் பெரிய குண்டான் ஒன்று இருக்கிறது. அதில் கட்டுக்கட்டாக ஊதுபத்தி புகைய, சனங்கள் இரண்டு கையாலும் புகையை அள்ளித் தலையிலும் நோகிற தோளிலும் விட்டுக்கொள்கிறார்கள். நானும் அள்ளினேன். ஓரத்தில் ஆறிப்போன சாம்பல் மெத்தென்று கிடந்தது. கோயில் வாசல், சாமிக்கு எரிந்த சாம்பல். யாழ்ப்பாணத்துக்காரி வேறு என்ன செய்வாள்? மூன்று விரலால் தொட்டு, "சிவசிவா" என்று நெற்றியில் இழுத்தேன். அங்கே யாரும் சாம்பல் பூசுவதில்லையாம். பூசினால் என்ன, குடியா முழுகிவிடும்? பக்கத்தில் நின்ற ஜப்பான்கார அம்மா என் நெற்றியைப் பார்த்துச் சிரித்துத் தலை குனிந்துவிட்டுத்தான் போனார்.

மகள் நடுவீட்டில் எழுந்து நின்று, கண்ணை மூடி, என் குரலிலேயே "சிவசிவா" என்று இழுத்துக் காட்டினாள். தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நீ அப்போது என்ன செய்தாய்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சிரித்தே செத்தேன்" என்றாள் மகள்.

பச்சைப் பொய். அவள் சிரிக்கவே இல்லை. அங்கே ஒரு வெள்ளைக்காரப் பயணி ஆவலாக, "அது உன் அம்மாவா? என்ன செய்கிறார்?" என்று அவளிடம் கேட்டார். "இல்லை, யாரென்று எனக்குத் தெரியாது" என்றாள். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்று கேட்டேன். ஊர் தெரியாத இடத்தில் சண்டை வேண்டாமென்று அவள் பின்னால் நடந்தேன்.

இது என் வீடு. சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எல்லாருக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன்: "யாரோ கேட்டபோது, என்னைத் தெரியாது என்று சொன்னாள்."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. மகளின் முகம் கறுத்துப்போனது. எத்தனை வருசம் கெஞ்சியும் எனக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிவந்தவள், தோழிகளுக்கு விளங்கக்கூடாது என்பதற்காக, பிசகில்லாத தமிழில் சொன்னாள்:

"அம்மா, பேசாம இருங்கோ."