மூடாத வளையம்

முதலில் தப்பியது டீ. திருவானைக்காவலில் டீ மாஸ்டராக வேலை பார்க்கிறேன். அன்று வலது கையால் ஆற்றி ஊற்றியது, இடது கையில் பிடித்திருந்த கிளாஸுக்கு வெளியே விழுந்தது.

"என்ன மாஸ்டர், டீ எனக்கா, தரைக்கா?" என்றார் வாடிக்கைக்காரர் ஒருவர். சிரித்து வைத்தேன்.

மறுநாள் இடது கால் செருப்பு நடக்கும்போதே கழன்றுவிட்டது. கழன்றது எனக்குத் தெரியவில்லை.

திருச்சியில் ஒரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் (காந்தத்தால் உடலின் உள்ளே படமெடுப்பது) எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கம் எலுமிச்சை அளவில் ஏதோ இருந்தது.

"கட்டி மாதிரி தெரியுது. மண்டையத் திறந்து ஒரு துணுக்கு எடுத்துப் பாக்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

ஆனால் ஊசி மருந்து (பாதித்த இடத்தைப் படத்தில் வெளிச்சமாகக் காட்டுவது) போட்டு எடுத்த படங்கள் கலங்கியிருந்தன. காரணம் நான்தான். குழாய்க்குள் படுத்திருந்தபோது ஸ்கேன் எடுத்த பெண், "அண்ணே, தலைய ஆட்டாதீங்க" என்று மைக்கில் சொல்வார். நான் "சரிங்க" என்று தலையாட்டுவேன். கடையில் யார் எது சொன்னாலும் ஆட்டிப் பழகிய தலை.

"ஆட்டாதீங்கன்னா அதுக்கும் ஆட்டுறீங்களே அண்ணே!" என்றார் அவர், நான் வெளியே வந்ததும்.

"வீட்ல நான் சொன்னா மட்டும் ஆடாதுங்க அந்தத் தலை" என்றாள் வாசலில் காத்திருந்த என் மனைவி செல்வி. அவ்வளவு பயத்திலும் மூவரும் சிரித்தோம்.

மறுபடி எடுத்தபோது அந்தப் பெண் பேசவே இல்லை. நானும் அசையவில்லை.

புதுப் படத்தை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்புக்குள் வெள்ளையாக ஒரு வளையம். என் தலைக்குள் இருப்பதை நானே உட்கார்ந்து பார்க்கிறேன்.

"இந்தப் பக்கம் வளையம் மூடல பாருங்க. இவ்ளோ பெரிசா இருந்தும் சுத்தி வீக்கம் கம்மி. இது கட்டியா இல்லாம அழற்சியா இருக்கலாம்." அழற்சி என்றால், இங்கே, உடலின் காவல் சக்தியே நரம்பின் உறையைத் தாக்கிப் புண்ணாக்குவது.

"அப்ப தலையத் திறக்க வேணாமா சார்?" கேட்டது நான்தான்.

"இப்ப வேணாம். முதுகுலேர்ந்து நீர் எடுத்துப் பாப்போம். ஸ்டீராய்டு குடுப்போம். அதுக்குக் கேக்கலன்னா திறந்துதான் ஆகணும்."

இதைப் படிக்கும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்து நீங்களே முடிவுகட்டாதீர்கள். மூடாத வளையம் சில சமயம் கட்டியிலும் வருமாம். "வேறு எதுவாகவாவது இருக்குமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

ஸ்டீராய்டு ஏறிய நாட்களில் அதன் வேகத்தில் தூக்கமில்லை. செல்வியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். ஒரு காலை, அந்த மருந்தால் ஏறும் சர்க்கரையைப் பார்க்க, மரத்துக் கிடந்த என் இடது விரலில் நர்ஸ் குத்தினார். "ஆ!" என்றேன். நர்ஸ் மன்னிப்புக் கேட்டார். செல்வியோ, "வலிக்குதா? நல்லா வலிக்குதா?" என்று கேட்டு அழுதாள்.

அடுத்த ஸ்கேனில் வளையம் இல்லை. மங்கலாக ஒரு தழும்புதான் இருந்தது. நான் எரிந்து விழுந்துகொண்டிருந்தபோதும் உள்ளே, எவர் கண்ணிலும் படாமல், புண் ஆறும் வேலை நடந்திருக்கிறது.

திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். எனக்கு இப்போது வருடம் என்பது ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுத் தரை விடியலில் சில்லென்றிருக்கும். கண் திறக்கும் முன் இடது கையை அதன்மேல் வைக்கிறேன். அந்தச் சில்லிப்பு என்னிடம் வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.