எங்கள் கூட்டத்துக்கு ஒட்டவைத்த கூச்சல்

1. சுவரில் ஒரு வாக்கியம்

"ஆசிய ரசிகரின் விசுவாசம் கிளப்மேல் அல்ல, வீரர்மேல். வீரர் போனால் ரசிகரும் போவார்."

பெங்களூர் அலுவலகத்தின் மீட்டிங் ரூமில் சுவர் நிறைய இந்த வாக்கியம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த ஆசியர்கள் எல்லோரும் தலையாட்டினோம். எனக்கு மட்டும் காது சூடாகிவிட்டது.

எங்கள் அலுவலகம், இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் ஒரு பெரிய கால்பந்து கிளப்பின் இந்தியக் கிளை. கிளப்பின் பெயர் வேண்டாம். நான் சப்போர்ட்டர் சர்வீசஸ் பிரிவுக்குத் தலைவியாக இருந்தேன். ரசிகர்களின் போனுக்கும் மெயிலுக்கும் பதில் சொல்வது என் பிரிவின் வேலை. செலவு குறையும் என்று அந்த ஊர்க்காரர்களின் போன்களையும் எங்களிடமே திருப்பிவிட்டிருந்தார்கள். அதனால் இரண்டு விதமான ரசிகர்களின் குரலையும் நான் கேட்டிருக்கிறேன்.

அங்கிருந்து பேசுகிறவர்கள் சண்டை போடுவார்கள். காலரின் நீலம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது என்று ஒரு வாரம் முழுக்கத் திட்டுவார்கள். முன்பு ஒருமுறை கிளப்பின் முதலாளி சின்னத்தை மாற்றப் பார்த்தபோது ஸ்டேடியம் வாசலில் கூடி நின்று அதைக் கைவிட வைத்தார்கள். இனி எங்களைக் கேட்காமல் நிறத்தையும் சின்னத்தையும் தொடக்கூடாது என்று எழுதியும் வாங்கிக்கொண்டார்கள்.

இங்கிருந்து பேசுகிறவர்கள் ஜெர்சி எப்போது வரும் என்று கேட்பார்கள். நட்சத்திர வீரர் ஒருவர் வேறு கிளப்புக்குப் போனபோது, வாங்கிய ஜெர்சியை மாற்றித் தர முடியுமா என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அதை நான் மறுக்கவில்லை. டிவியில் மட்டுமே பார்த்த ஊர்மேல் எவ்வளவு பாசம் வரும்? ஆனால் அதை வைத்து எங்களுக்கு விசுவாசமே கிடையாது என்று முடிவு கட்டுவதா?

கை தூக்கினேன். "நான் கோலார் தங்கவயல். சாம்பியன் ரீப்ஸ்னு சுரங்கத் தொழிலாளிங்க கேம்ப். சுரங்கத்தை மூடிட்டாங்க, ஆனா கேம்ப் டீம் இன்னும் ஆடுது. பெங்களூர்ல வேலை பாக்கறவங்க மேட்ச் அன்னிக்கு லீவு போட்டுட்டு ரயிலேறுவாங்க. அந்த டீம்ல நட்சத்திரமே கிடையாது சார். ஒருநாள் வந்து பாருங்க."

மார்க்கெட்டிங் தலைவர் விக்ரமுக்குக் கண் விரிந்தது. பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பல வயது இளையவர். "மெர்சி மேடம், இது செம ஸ்டோரி! தங்கம் போச்சு, ஃபுட்பால் போகல! அந்த டீமை நம்ம பார்ட்னர் ஆக்கிடலாம்."

நான் சொன்னது அவர் காதில் அப்படித்தான் விழுந்தது.

2. நீலம்

பார்ட்னர் திட்டத்தில் நல்லதும் இருந்தது. கல்லும் முள்ளுமாகக் கிடந்த மைதானத்தைச் சமன் செய்தார்கள். புதுக் கோல்போஸ்ட், நெட், பூட்ஸ் எல்லாம் வந்தன. டீமின் செக்ரெட்டரி தாமஸ் அண்ணன் தங்கவயலின் கடைத்தெருவான ராபர்ட்சன்பேட்டையில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருப்பவர். ஷூட்டிங் நாளில் பார்ட்னர் ஜெர்சி போட்டுக்கொள்வதாக அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கைப்பக்கம் ஒரு சின்னம் இருக்கும், அவ்வளவுதான் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பக்கத்து கேம்ப்பான ஊரிகத்தோடு மேட்ச். ஷூட்டிங் ஆட்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே கிளப்பின் நிறமான முழு நீலத்தில் ஜெர்சிகள். சாம்பியன் ரீப்ஸின் நிறம் சிவப்பு வெள்ளைக் கோடு. நெஞ்சில் சுரங்க வாயின் இரும்புக் கோபுரம் இருக்கும். நீலம் ஊரிகத்தின் நிறம். அப்பா காலத்திலிருந்து நாங்கள் எதிர்த்துக் கத்திய நிறம்.

தாமஸ் அண்ணன் ஒரு ஜெர்சியை விரித்துப் பிடித்தார். "இன்னா மெர்சி இது? இந்தக் கலர் யாருதுன்னு உங்க சாருக்குத் தெரியுமா?"

விக்ரமிடம் ஓடினேன். "ஊரிகத்துக்கு வெள்ளை குடுத்தாச்சு மேடம், கன்ஃபியூஷன் வராது," என்றார். குழப்பமில்லை, அவமானம் என்று சொன்னேன். அவர் சிரித்தபடி கன்னடத்துக்கு மாறினார்: "ஒந்தே மேட்ச் அஷ்டே, மேடம்." ஒரே ஒரு மேட்ச், அவ்வளவுதானாம்.

"உங்க ஸ்டேடியத்துல ஒரே ஒரு மேட்ச் எதிரி கலரைப் போட்டு ஆடச் சொல்லிப் பாருங்களேன்."

"அது வேற மேடம். அங்க ஃபேன்ஸ் ஒத்துக்க மாட்டாங்க."

 அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

தாமஸ் அண்ணன் கடைசியில் பையன்களிடம், "வார்த்தை குடுத்துட்டோம், போட்டுக்குங்கப்பா," என்றார். தலை குனிந்தபடி அவர்கள் மைதானத்துக்குள் போனார்கள்.

எங்கள் பக்கத்துக் கூட்டத்துக்கு எப்போதும் கஸ்தூரி அக்காதான் குரல். பெங்களூரில் நர்ஸ் வேலை. என்னோடு தினமும் ரயிலில் வருபவர். அவர் ஆரம்பித்தால் மைதானமே கத்தும். அன்று மேட்ச் தொடங்கியும் அவர் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னாக்கா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. யாருக்குன்னு கத்தறது, நீயே சொல்லு."

முதல் பாதியிலேயே எங்கள் பையன் ஒரு கோல் போட்டான். நல்ல கோல், தலையால் முட்டியது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. போட்டவனே ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்ல நடந்து போனான். ஊரிகத்துக்காரர்களும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் புரிந்திருந்தது. யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல இது. தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை, அவ்வளவுதான்.

கேமராமேன் தவித்துப்போனார். விக்ரம் அவர் முதுகில் தட்டினார். "விடுங்க. சவுண்டு அப்புறம் போட்டுக்கலாம்."

போட்டும்விட்டார்கள். சில வாரம் கழித்து வீடியோ வெளிவந்தது. எங்கள் ஜனங்கள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் ஆயிரக்கணக்கான தொண்டைகள் முழங்குகின்றன. வாயசைவு தெரியாதபடி தூரத்திலிருந்து எடுத்த காட்சிகளாகப் பார்த்துக் கோர்த்திருந்தார்கள். அலுவலகத்தில் கைதட்டினார்கள். நான் பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அந்த வீடியோ பொய், எடுத்துவிடுங்கள் என்று விக்ரமுக்கு மெயில் அனுப்பினேன். பதில் இல்லை.

3. ஹெலன்

அந்த வாரமே இங்கிலாந்திலிருந்து ஒரு போன். பேசியவர் ஹெலன், பல் டாக்டர். சீசன் டிக்கெட்காரர். ரசிகர் குழுவில் உறுப்பினர். எங்களோடு அடிக்கடி சண்டை போடுபவர் என்பதால் அவர் குரல் என் பிரிவு முழுக்கப் பழக்கம்.

எடுத்ததுமே கேட்டார்: "அந்த இந்திய வீடியோவில் கேட்கிறது ஸ்டேடியத்தில் நாங்கள் உட்காரும் ஸ்டாண்டின் பாட்டு. இறந்துபோன எங்கள் ஆட்டக்காரர் ஒருவருக்காக நாங்களே கட்டியது. உங்கள் ஊர் மக்கள் அதை எப்படிப் பாடுகிறார்கள்?"

'விசாரித்துச் சொல்கிறோம்' என்பதுதான் நாங்கள் சொல்ல வேண்டிய பதில். நான் அதைச் சொல்லவில்லை.

"அவர்கள் பாடவில்லை மேடம். அன்று அங்கே யாரும் கத்தவே இல்லை. ஏனென்றால்…" என்று நிறத்தின் கதையை முழுக்கச் சொன்னேன்.

 உடனே ஹெலன், "எதிரியின் நிறத்தையா போடவைத்தார்கள்?" என்றார். நான் பல வாரம் அலுவலகத்தில் விளக்கிப் புரியவைக்க முடியாத ஒன்று அவருக்கு ஒரே வாக்கியத்தில் புரிந்துவிட்டது.

ரசிகர் குழுக் கூட்டத்தில் அவர் எழுந்து கேட்டார். வீடியோவை எடுத்துவிட்டார்கள். கிளப் மன்னிப்பும் கேட்டது. யாரிடம்? அந்த ஸ்டாண்டில் உட்காருகிறவர்களிடம். அவர்களுடைய பாட்டை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காக. தங்கவயல் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை.

விக்ரமின் அறைக்குள் போனேன். "எங்க ஊருக்கு யார் மன்னிப்பு கேக்கறது?"

அவர் உண்மையிலேயே குழம்பினார். "அவங்க ரெஜிஸ்டர்ட் ஃபேன்ஸ் கிடையாதே மேடம். யாருக்குன்னு அனுப்பறது?"

அன்று நான் கத்தினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். இந்தத் திட்டத்தில் சேரும் எந்த டீமின் நிறத்தையும் சின்னத்தையும் கிளப் தொடக்கூடாது, அதை ஒப்பந்தத்தில் எழுதும்வரை என் பிரிவின் ஒப்புதல் கிடைக்காது என்று சொன்னேன். என்னை வேலையைவிட்டு அனுப்பினாலும் சரி என்றேன். ஹெலனின் குழுவும் அங்கிருந்து நெருக்கியது. கடைசியில் எழுதினார்கள்.

4. கிடைத்த பதில்

புது ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நானே தாமஸ் அண்ணன் கடைக்குப் போனேன். ஏதோ கோப்பையை வென்று கொண்டுவந்தவள் மாதிரி கல்லாமேல் வைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"நல்லா எழுத வச்சிருக்கம்மா. வேற ஊருக்குக் குடு, அவங்களுக்கு உதவும். எங்களுக்கு வேணாம்."

"அண்ணே, இனிமே நம்ம கலரைத் தொட மாட்டாங்க. பூட்ஸ், பந்து எல்லாம் வரும்."

"பூட்ஸும் பந்தும் நல்லதுதாம்மா. ஆனா நம்ம பையன் கோல் போட்டுட்டு நம்மளத் திரும்பிப் பாத்தான் இல்ல? இன்னொரு தபா அவன் அப்பிடிப் பாக்கக்கூடாது."

 ஒப்பந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் மீட்டிங்கில் விக்ரம் கேட்டார்: "ஏன் மேடம் வேணாம்னுட்டாங்க?"

"அவங்க ஏற்கெனவே ஒரு கிளப்போட ரசிகர்கள் சார்."

அவர் பதறிப்போனார். "எந்த கிளப்? நமக்கு முன்னாடி யார் உள்ள போனது?"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரசிகர் எதை வாங்குவார் என்று கண்டுபிடிக்க உங்களுக்கு ஆயிரம் கருவி தருவார்கள். எதை விற்க மாட்டார் என்று நீங்கள்தான் நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கோபம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.