பிரஸ் ஓடாத நாளில் பாடியது

எங்கள் ஆல்பத்தின் வகை இண்டஸ்ட்ரியல் போஸ்ட்-பங்க், அதாவது தொழிற்சாலைச் சத்தம் கலந்த முரட்டு ராக். வெளிநாட்டில் அதற்கு வேண்டிய இரும்புச் சத்தத்தைக் கருவி வைத்து உண்டாக்குகிறார்களாம். பட்டறைகள் நிறைந்த கோவை கணபதியில் ஜன்னலைத் திறந்தால் போதும். பாடல்கள் மதத்தையும் அரசியலையும் பற்றியவை. எழுதியதும் பேஸ் கிட்டார் வாசித்ததும் நான். முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கலகம் செய்கிற வயது. பாடியவன் என் கல்லூரி நண்பன், கோட்டைமேட்டுக்காரன். கணபதியில் வாடகைக் கட்டடத்தில் பம்ப் பாகங்கள் அடிக்கும் பட்டறை வைத்திருந்தான். அங்கே இரும்புத் தகட்டை அடித்து வெட்டும் பவர் பிரஸ்தான் எங்களுக்கு டிரம்ஸ்.

பிரஸ்ஸைப் பதிவு செய்வது சுலபம். குரலுக்குத்தான் தெரு அமைதியாக இருக்க வேண்டும். அப்படி ஒரு மதியம் ஆயுத பூஜையன்றுதான் வாய்க்கும். மெஷின்களுக்கு ஓய்வு. அவன் பட்டறையிலும் வருஷாவருஷம் பூஜை உண்டு. வேலையாட்கள் பிரஸ்ஸுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பொரியும் மாலையும் அவன் வாங்கித் தருவான். அந்த வருஷம் அவர்கள் கிளம்பியதும், மாலை போட்ட பிரஸ்ஸின் முன்னால் நின்று அவன் அடித்தொண்டையில் கத்தினான்: "சாமி, சத்தம் போடாதே, தலைவர் பேசுகிறார்."

எதிர் மாடியிலிருந்து யாரோ செல்போனில் பிடித்துவிட்டார்கள். வாட்ஸப்பில் சுற்றிய துண்டில் அவன் தாடியும், மாலை போட்ட மெஷினும், "சாமி, சத்தம் போடாதே" வரைக்கும்தான் இருந்தது. மீதியும் போயிருந்தால் இன்னொரு கூட்டம் வந்திருக்கும், அது வேறு விஷயம்.

மறுநாள் கட்டடக்காரர் வந்தார்.

"ஏனுங்க பாய், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க. நாலு பேரு கேக்கறாங்கல்லங்க? அக்ரிமென்ட் வேற முடியப்போகுதுங்க."

"பாட்டு எழுதுனது நானுங்க" என்றேன்.

என் நெற்றியைப் பார்த்தார். "நீங்க எழுதலாமுங்க. உங்களுக்கென்னங்க."

இத்தனை மரியாதையாக யாரும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

காலி செய்தால் பிரஸ்ஸைத் தரையிலிருந்து பெயர்த்தெடுக்க வேண்டும். அதையாவது செய்துவிடலாம். அவன் பெயரைக் கேட்ட பிறகும் வாடகைக்கு விடுகிற இன்னொரு கட்டடம் வேண்டுமே.

அவர் போனதும் நண்பன் சொன்னான்: "என் குரலை எடுத்துப்போடு மாப்ள."

"எல்லாப் பாட்டுலயுமா?"

"எல்லாத்துலயும். பிரஸ் இருக்கட்டும். அதுக்குத்தான் பொட்டு வெச்சிருக்கே."

எடுத்தேன். கம்ப்யூட்டரில் அது ஒரு பொத்தான்தான். ஆல்பம் இணையத்தில் வெளியானது. குரலே வைக்காதது துணிச்சலான முடிவு என்று யாரோ ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார். அக்ரிமென்டும் புதுப்பிக்கப்பட்டது.

அடுத்த ஆயுத பூஜைக்கும் அவன்தான் பொரியும் மாலையும் வாங்கி வந்தான். வாசலிலேயே நின்று வேலையாட்களிடம் கொடுத்தான். உள்ளே முன்வரிசையில் நின்றிருந்த கட்டடக்காரர் கூப்பிட்டார்.

"உள்ள வாங்க பாய். உங்க பட்டறையல்லங்க?"

"இருக்கட்டுங்க. செருப்புப் போட்டிருக்கேன்."

கழற்றினால் கழலும் செருப்புதான். கற்பூரம் அணையும் வரை சாலையைப் பார்த்தபடி நின்றான்.