பிள்ளையாருக்கு முன்னால் நின்ற லாஞ்சி

வீரக்குட்டி மச்சான் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் அவரைத் திட்டுவதற்காகத் துறையில் காத்துக்கொண்டு நின்றேன். கல்லடிக்குக் கண் வைத்தியரிடம் காட்டக் கூட்டிப்போகிறேன், விடியவே வந்து நில்லுங்கள் என்று சொன்னவர் அவர்தான். வெயில் ஏறிவிட்டது. ஆளையும் காணவில்லை, அவர் ஓட்டும் லாஞ்சிப் படகையும் காணவில்லை. வந்தவுடன் என்னென்ன கேட்க வேண்டும் என்று நான் வரிசையாக அடுக்கி வைத்திருந்த நேரத்தில், அடுத்த வீட்டு வளவுக் கண்ணம்மை ஓடி வந்தாள். "அக்கா, தேத்தண்ணி குடிச்சிற்றுச் சாய்ஞ்ச மனிசன் எழும்பல்லையாம்கா" என்றாள். அடுக்கி வைத்ததெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. முருகா, ஒரு மனிதர் இப்படியும் ஏமாற்றுவாரா?

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி அவருடைய பிள்ளைகள் கேட்டார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துத்தான் என்றாலும், எங்கள் வீட்டில் எழுதப் பஞ்சிப்படாத, சோம்பல் இல்லாதவள் நான். அவருடைய லாஞ்சியில் ஏறி ஆற்றின் மேற்கே படுவான்கரைக்கும் கிழக்கே எழுவான்கரைக்கும் போய்வந்த உங்களுக்கு அவரைத் தெரியும். அந்தச் சுக்கானை அவர் கையில் கொடுக்க எங்கள் குடும்பம் பட்ட பாடு தெரியாது.

அவர் எங்கள் மாமி மகன். என் தங்கச்சி பூமணிக்கு அவர்தான் என்று சின்ன வயதிலேயே பேச்சு. எங்கள் அப்பாதான் குறுக்கே நின்றார். எங்கள் பக்கத்தில் மருமகன் பெண் வீட்டோடு வந்து இருப்பது வழக்கம் அல்லவா? "தண்டையல் பத்திரம் இல்லாதவன எந்த நேரமும் வேலையால நிப்பாட்டுவாங்க. நிப்பாட்டினா அவன் என்ட வளவுக்குள்ள வந்து குந்திற்றிருப்பான். நான் பாத்துக்கொண்டிருக்கிறதா?" என்றார். லாஞ்சி ஓட்டும் பத்திரத்தைக் காட்டினால்தான் கல்யாணம் என்று முடித்துவிட்டார்.

மச்சானுக்கு லாஞ்சி ஓட்டத் தெரியாமல் இல்லை. பிரச்சினை அவருடைய கும்பிடு. ஆற்றில் தோணி விடுகிறவர்கள் கரையில் கோயிலைக் கண்டால், துடுப்பை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிடுவார்கள். துடுப்பு ஓய்ந்தால் தோணியும் ஓயும். ஒருவருக்கும் சேதமில்லை. மச்சான் நடை பழகியதே தோணியில்தான். என்ஜின் பூட்டிய லாஞ்சியிலும் கோயிலைக் கண்டால் அவருக்குக் கை தானாக எழும்பிவிடும். லாஞ்சி ஓயுமா? பத்திரத்துக்குச் சோதனை வைக்கக் கொழும்பிலிருந்து வந்த துரை பக்கத்தில் இருக்க, ஆற்றோரப் பிள்ளையாரைக் கண்டதும் இவர் சுக்கானை விட்டார். லாஞ்சி போய் மீன்காரர் நட்டிருந்த கம்புகளுக்குள் மூக்கை நுழைத்தது. துரை அன்றே கிளம்பிவிட்டார்.

"என்ன மனிசன் நீ? சோதினை நேரத்திலயா கும்பிடுற?" என்று கேட்டேன்.

"சோதினை நேரத்தில கும்பிடாம வேற எந்த நேரத்தில கும்பிடுற மச்சாள்?"

நீங்களே சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிக்கிற நான் இதற்கு என்ன பதில் சொல்வது? பிள்ளையாரைக் கும்பிடாதே என்று என் வாயால் வருமா? "மனசால கும்பிடு. கை சுக்கானில இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த முறை கை சுக்கானில்தான் இருந்ததாம். கோயிலைக் கடந்தும் போய்விட்டாராம். துரைக்கும் திருப்திதானாம். பிறகு என்ன வந்ததோ, ஒருவரும் சொல்லாமல் லாஞ்சியைத் திருப்பிக்கொண்டு கோயிலடிக்கே வந்து, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அன்றைக்கும் பத்திரம் இல்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "மனசாலயும் கும்பிட்டுப் பாத்தன் மச்சாள். பத்தல்ல."

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. களுவாஞ்சிக்குடியில் ஒரு வாத்தியாரைப் பூமணிக்குப் பேசினார். நல்ல குடும்பம், அரசாங்கச் சம்பளம், நெற்றி நிறைய திருநீறு. எனக்கே பிடித்திருந்தது. பூமணி சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிப் போய்விடுவாள். அடுத்த சோதனையில் மச்சான் தேறாவிட்டால் வாத்தியார் வீட்டாருக்குச் சம்மதம் சொல்வதென்று அப்பா முடிவெடுத்தார்.

அந்தச் சோதனை நாளில் நானும் பூமணியும் தேங்காயோடு பிள்ளையார் வாசலில் நின்றோம். லாஞ்சிச் சத்தம் கேட்டது. நெருங்கியது. கோயிலுக்கு நேரே வந்ததும் சத்தம் அப்படியே நின்றுபோனது. பார்த்தால் மச்சான் எழும்பி நின்று கும்பிட்டுக்கொண்டு இருக்கிறார்!

"படுபாவி, நிப்பாட்டிற்றானே! புள்ளையாரே, உனக்குக் கண் இல்லையா? இண்டைக்கு ஒரு நாள் கும்பிடாத எண்டு நீயாவது அவனுக்குச் சொல்லப்படாதா?" என்று கத்தினேன்.

பூமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கத்தாத அக்கா. சோதினையில லாஞ்சிய நிப்பாட்டிக் காட்டவும் வேணுமாம். எங்க நிப்பாட்டினா என்ன? இஞ்ச நிப்பாட்டுறன் எண்டு துரையிட்டக் கேளுங்க எண்டு நான்தான் சொன்ன."

"எப்ப சொன்ன?"

"நீ கோயிலுக்கு விளக்கு வைக்கப் போன நேரம்."

என் பக்தியை இவர்கள் இப்படிப் பயன்படுத்தினார்கள். ஏன் இந்த இடத்தில் நிறுத்துகிறாய் என்று துரை கேட்டாராம். "தண்ணி ஆழம், காத்தும் இல்ல, புள்ளையாரும் இருக்கார்" என்று இவர் சொன்னாராம். துரை கடைசியை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எழுதிக்கொண்டாராம். பத்திரம் வந்தது. அப்பா கல்யாணத்துக்கு நாள் பார்த்தார்.

அதோடு மச்சான் விட்டாரா? பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அங்கே லாஞ்சி நின்றது. "பஸ் போயிரும் மச்சான்!" என்று நான் கத்திய கத்தல் ஆற்றுக்குத் தெரியும். ஒருநாள் காத்தான்குடிப் புடவை வியாபாரி ஒருவர், "எங்கட பள்ளிவாசலும் கரையிலதான் இரிக்கி, அங்கயும் நிப்பாட்டுங்களன்" என்று சிரித்தபடி பகிடிக்குச் சொன்னார். மறுநாள் முதல் அங்கேயும் நின்றது. எனக்குத் தவறிப்போன பஸ்கள் எத்தனை!

கிரியைகள் முடிந்த அன்று, உறவில் ஒரு பெரியம்மா பூமணியின் பக்கத்தில் இருந்து பெருமூச்சு விட்டார். "அந்த வாத்தியாரக் கட்டியிருந்தா இப்ப உனக்குப் பென்சனாவது வந்திருக்கும் புள்ள."

பூமணி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "பென்சனோட இருந்து ஆர் பெரியம்மா சிரிக்கிற?" என்று கேட்டாள்.

என் தங்கச்சியை இத்தனை காலம் சிரிக்க வைத்து, இப்படிக் கேட்கிறவளாக ஆக்கிவிட்டுப் போனார் மச்சான். அந்தக் கேள்வியை அவர் நினைவாக நான் வைத்துக்கொள்கிறேன். அவர் மேல் இருக்கும் கோபத்தையும் வைத்துக்கொள்கிறேன். அதை ஆறவிட எனக்கு மனம் வரவில்லை.