ஐஸ் தண்ணீரில் நாலு கால்

என் வீட்டுக்காரர் தறி மெக்கானிக். கருமத்தம்பட்டியில் எந்தத் தறி மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சாயங்காலமானால் வாலிபால் கிரவுண்டுக்கு ஓடிவிடுவார். தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். டீமில் மற்றதெல்லாம் மீசை அரும்பிய பையன்கள். பொங்கல் டோர்னமென்ட் நெருங்குகிற நேரம் பார்த்து வலது கணுக்கால் பிசகி வீங்கிக்கொண்டது. இந்தத் தடவை உட்கார்ந்துவிட்டால் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும், அப்புறம் கிரவுண்டுக்குள் போகவே முடியாது. மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் ஒரு வழி சொன்னார். விளையாடி முடித்த கையோடு காலை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். வீக்கம் வடிந்த பிறகுதான் சூட்டு ஒத்தடம். எனக்கு நம்பிக்கையே இல்லை. வீங்கின காலுக்கு உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்துவோம். ஐஸ் யாராவது வைப்பார்களா?

அவர் கேட்டால்தானே? ஐஸ் பேக்டரியில் ஒரு கட்டி வாங்கி, உமி போட்டுச் சாக்கில் சுற்றி, மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் தண்ணீர் ஒழுகியது. எதிர்வீட்டு அக்கா, “ஏனம்மணி, உங்கூட்டுக்காரரு மீன் யாவாரம் ஆரம்பிச்சுட்டாருங்களா?” என்று கேட்டாள். என் மானமே போனது.

துணி அலசுகிற டப்பில் ஐஸை உடைத்துப் போட்டேன். நெட்டுக்கு மேலே எம்பி அடிக்கிற ஆம்பளை, கட்டைவிரலை விட்டதும் கன்றுக்குட்டி மாதிரி துள்ளினார்.

“சூரப்புலிதான் போங்க” என்றேன்.

“நீயும் காலை உடு அம்மணி. தொணைக்கு ஆளிருந்தா தாங்கிக்குவேன்.”

“எனக்கென்னங்க வேண்டுதலையா?”

நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். காலையிலிருந்து சாயங்காலம் வரை மேசை முன்னால் நின்றே பனியனில் ஓட்டை, தையல் பிசகு பார்க்கிற வேலை. அவரைத் திட்டிக்கொண்டேதான் காலை விட்டேன். முதலில் உயிர் போய் உயிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் பாதம் மரத்து, கெண்டைக்கால் குடைச்சல் போன இடம் தெரியவில்லை. முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். வலி போச்சு என்று சொன்னால் மாஸ்டர் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே. வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் தினமும் இதே கூத்துதான். வீக்கம் வடிந்ததும் காலையில் உப்பு ஒத்தடம் என் பொறுப்பு. “பதமா வை அம்மணி, வெந்துபோயிரும்” என்று கெஞ்சுவார். ஐஸுக்கும் அலறல், சூட்டுக்கும் அலறல். அந்த மனுசனை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனதே அந்த நாட்களில்தான்.

டோர்னமென்ட்டில் இறங்கிவிட்டார். கோபிசெட்டிபாளையத்து டீமோடு பைனல். இரண்டு செட் அவர் அடித்ததற்கு ஊரே விசிலடித்தது. மூன்றாவதில் ஒரு பந்துக்கு எம்பி இறங்கியவர் அப்படியே நின்றார். காலைக் குனிந்து பார்த்தார். பிறகு அவராகவே கையைத் தூக்கி, வெளியே உட்கார்ந்திருந்த பையனைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். எங்கள் ஊர்தான் ஜெயித்தது. எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் அவர். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் விளையாடப் போவதில்லை என்று வீட்டுக்கு வந்து அவரே சொன்னார்.

பொங்கல் கழிந்து கம்பெனி திறந்தார்கள். முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் ஈரச் சாக்கு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“வெளையாட்டுத்தான் முடிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்குங்க இந்த ஐஸு?”

அவர் டப்பை இழுத்து என் முன்னால் வைத்தார்.

“எனக்கில்ல அம்மணி. நாளைக்கும் நீ நிக்கோணுமல்ல.”

கல்யாணமாகி அத்தனை வருசத்தில் என் காலைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை உள்ளே விட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஐஸை அள்ளிக் கொட்டியிருக்கிறீர்களே என்று அவரையே திட்டினேன்.