மோட்டார் சைக்கிளுக்கு இரும்புக் கை வைத்துப் பொத்துவில் போன கதை

நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வாரம் கல்முனையிலிருந்து பொத்துவிலுக்குப் போனோம். எழுபது கிலோமீட்டர் சொச்சம். இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். என் மனைவி ரிஹானா மோட்டார் சைக்கிளில் ஏறியே மாதக்கணக்காகியிருந்தது. நிந்தவூரில் ஒரு வேகத்தடையில் பைக் தூக்கிப் போட, முதுகுப் பக்கமாகச் சரிந்தவள் என் சட்டையைப் பிடித்துத் தப்பினாள். பிடிமானம் ஒன்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பைக்கை விற்க வேண்டும் என்று அன்றே சொல்லிவிட்டாள். நுவரெலியா, யாழ்ப்பாணம் என்று நான் போட்டிருந்த திட்டமெல்லாம் அதிலே தொங்கின.

சோதனை ஓட்டத்துக்குப் பொத்துவிலை அவளே சொன்னதுதான் எனக்கு இடித்தது. அங்கே அவள் தங்கையின் கணவன் பாயிஸ் இருக்கிறான்; என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். என் பைக்கைக் கண்டால் பெட்ரோல் டாங்கியைத் தடவாமல் போகமாட்டான். பைக்கை அவனிடம் கொடுத்துவிட்டு நாங்கள் பஸ்ஸில் திரும்புவதாக ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்களோ?

பெரிய டூரிங் பைக்குகளில் பின்னால் இருப்பவருக்கு நாற்காலி மாதிரி, எங்கள் பேச்சில் கதிரை மாதிரி, இரண்டு பக்கமும் கை இருக்கும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, வெல்டிங் கடை நிஸாமோடு சேர்ந்து அதையே செய்தேன். இரும்புக் குழாயை வளைத்து, மேலே ஸ்பொஞ்சும் ரெக்சினும் சுற்றி, பின் கரியரில் போல்ட் போட்டு முடுக்கினோம். நிஸாம் நல்லவன்தான். ஆனாலும் பழைய குழாயைத் தலையில் கட்டிவிடுவானோ என்று உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தேன், ஒட்டிய இடமெல்லாம் தட்டிப் பார்த்தேன்.

"என்ன மச்சான், மகளுக்கு மாப்பிள்ள பாக்குற மாதிரி பாக்குறீங்க?" என்றான். பிறகு அவனே பின்னால் ஏறி இருக்க, கடற்கரை வீதியில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். கை அசையவில்லை.

புறப்படும் நாள் காலை ஆறரைக்கு ரிஹானா அபாயாவும் கைப்பையுமாக வந்தாள். பைக்கை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"இஞ்ச, நான் என்னெண்டு இதுல ஏறுற?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அபாயாவோடு அவள் இடப்பக்கம் இரண்டு காலையும் போட்டுத்தான் இருப்பாள். ஊரில் தினமும் காண்கிற காட்சி. நானும் நிஸாமும் ஆம்பிளைகள் இருக்கிற மாதிரி இருந்தே அளவெடுத்திருக்கிறோம்! இடப்பக்கக் கை அவள் கால் வர வேண்டிய இடத்தில் வேலி மாதிரி நின்றது.

"அப்ப பஸ்ல போவமா?" என்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. என் சந்தேகம் கூடிவிட்டது.

இடப்பக்கக் கையைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தேன். அவள் ஏறி இருந்தாள். வலப்பக்கக் கை சரியாக அவள் இடுப்புக்குப் பின்னால் வந்தது. ஆனால் அது கை வைக்கச் செய்தது, முதுகு சாய அல்ல. சாய்ந்தால் வெளிப்பக்கம் வளையும். நேரே நிஸாமிடம் போய், கையையும் கரியரையும் இணைத்து ஒரு பட்டை இரும்பைக் குறுக்கே ஒட்டுவித்தேன். எட்டு மணிக்குப் பிஸ்மி சொல்லிப் புறப்பட்டோம்.

காரைதீவு தாண்டி நிந்தவூர் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் கேட்டேன்.

"சாஞ்சிருக்கிறயா?"

"ஓம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நிறுத்தி, இறங்கி, கையைப் பிடித்து ஆட்டினேன். அக்கரைப்பற்றில் தேநீருக்கு நிறுத்தியபோதும் ஆட்டினேன். திருக்கோவிலில் மூன்றாம் தரம் கை வைக்கப் போனபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னொருக்கா ஆட்டினா நீங்களே கழட்டிப் போட்டிருவீங்க. ஓடுங்க."

கோமாரிப் பக்கம் பற்றைக்காடு. யானை குறுக்கே வரலாம் என்பதால் நிறுத்தவில்லை. அங்கேதான் அவள் கதைக்கத் தொடங்கினாள். சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம், பக்கத்து வீட்டு மதில், எல்லாம். என் சட்டையைப் பிடித்திருந்த கை எப்போது விட்டது என்று தெரியவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு: குழாய் வெட்டுமுன் ஏறப்போகிறவரை, அவர் உடுத்துகிற உடுப்போடு, அவர் இருக்கிற மாதிரியே இருத்தி அளவெடுங்கள். குறுக்குப் பட்டை இல்லாமல் சாய விடாதீர்கள். கை ஹாண்டிலின் அகலத்தைத் தாண்டி வெளியே நீளக் கூடாது. எனக்கு எல்லாமாகப் பன்னிரண்டாயிரம் ரூபாய் முடிந்தது. கோமாரிப் பாதையை இருட்டுமுன் கடந்துவிடுங்கள்.

பத்தேகாலுக்குப் பொத்துவில். பாயிஸ் வாசலிலேயே நின்றான். சலாம் சொன்ன கையோடு டாங்கியைத் தடவினான்.

"காக்கா, பைக்க விக்கப் போறீங்க எண்டு மதினி சொன்னா. நான் எடுக்கட்டா?"

நினைத்தது சரிதான்! திரும்பி ரிஹானாவைப் பார்த்தேன். அவள் அபாயாவில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அது அப்ப சொன்ன," என்றாள் பாயிஸிடம். "இப்ப அதுல எண்ட கதிர இரிக்கி. நுவரெலியா போய் வந்தாப் பொறகு கேளுங்க."